மூக்கின் சாட்சியம்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலை ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு. முதுநகரைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்பேட்டை. பேருந்துப் பயணிகள் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்துவது அந்த இடத்தில் பல வருஷத்துப் பழக்கம். சாலையின் மறுமுனையில் நடராசர் கோயில். அங்கே போகிறவர்கள் சந்தனம், சாம்பிராணி, வில்வம், கர்ப்பூரம் என்று மூச்சை இழுத்து உள்வாங்குகிறார்கள். வாசனை மனத்தை மாற்றும் என்பதில் சிதம்பரத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கர்ப்பூர மணத்தில் மனம் ஒடுங்குகிறது என்று பக்தர் சொன்னால் ஆதாரம் கேட்பார் இல்லை. அதே சாலையில், ராத்திரி வரும் கம்பெனி நாற்றத்தில் தூக்கம் போகிறது, எரிச்சல் வருகிறது, ஒன்றும் ஓடமாட்டேன் என்கிறது என்று சிப்காட்டை ஒட்டிய ஈச்சங்காட்டிலும் சோனஞ்சாவடியிலும் சொன்னபோது ஆய்வகச் சான்று கேட்டார்கள். மூக்கு வழியாக மனம் மாறும் என்பது நறுமணத்துக்குப் பொருந்துமானால் துர்நாற்றத்துக்கும் பொருந்த வேண்டும். ஒன்றை நம்பி மற்றதைத் தள்ளும் இந்த ஓரவஞ்சனை எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

நறுமணத்தின் பக்கம் தமிழ்நாட்டில் பெரும் பொருளாதாரமே நின்றது. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், திருமஞ்சன நீரில் இடுவதற்கு ஏலம், செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வாங்கவென்றே முதல் ஒதுக்கி வட்டிக்கு விட்ட கணக்கு இருக்கிறது. மணம் தற்செயலாக வந்து போகும் ஒன்றாக அன்று எண்ணப்படவில்லை. வரவு செலவில் ஏறிய, தடைபடாமல் நடக்க வேண்டிய கட்டளையாக இருந்தது. சோழர் காலக் கோயில்களில் நந்தவனத்துக்கு விட்ட நிலங்களின் பின்னாலும் இந்த எண்ணமே நிற்கிறது. தேவை இருந்த இடத்துக்கு வணிகரும் போனார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில், கர்ப்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் துறைக்குப் பக்கத்தில், லோபு துவா என்ற இடத்தில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் தமிழில் ஒரு கல்வெட்டை நட்டது. துறைக்கு வரும் கலத்தார் கட்ட வேண்டிய தீர்வையைக் கஸ்தூரி விலையை வைத்து அது கணக்கிடுகிறது. கடல் கடந்துபோய் வாசனைப் பொருளை அளவுகோலாக வைத்து வரி வகுத்த சமூகம், வாசனை வேலை செய்யும் என்பதை ஐயமின்றி அறிந்திருந்தது. (இன்று ஆரத்தித் தட்டில் எரியும் கர்ப்பூரம் பெரும்பாலும் சுமத்ரா மரத்தினுடையது அல்ல. பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ரசாயன ஆலைகளில் செய்வது. சிதம்பரத்தின் மணத்துக்கும் ஏதோ ஓர் ஊரில் ஒரு தொழிற்பேட்டை வேண்டியிருக்கிறது.)

இந்த மணப் பொருளாதாரத்துக்கு அடித்தளம் யார் என்ற கேள்விக்குச் சிதம்பரத்தோடு பிணைந்த நூலிலேயே பதில் இருக்கிறது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், பெரியபுராணம் பாடினார்; தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அது அரங்கேறியதாக மரபு. அதில் வரும் ஆதனூர் நந்தனார், கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். அதோடு அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்தார் என்கிறார் சேக்கிழார். கோரோசனை மாட்டின் பித்தப்பையிலிருந்து எடுப்பது. பூசைக்கும் மருந்துக்கும் உயர்ந்த மணப்பொருள். செத்த மாட்டை அறுத்துத் தோலுரிப்பவர் அன்றாடம் அந்த நாற்றத்தில் நிற்கிறார். அவர் கையால் பிரித்தெடுத்த மணம் சந்நிதிக்குள் போகிறது, அவர் போக முடியவில்லை. கடைசியில் தில்லை வாசலில் தீயில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே போகிறார். பக்தியின் பெருமைக்காகப் பாடப்பட்ட கதைதான் இது, மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு பழைய ஏற்பாட்டின் தெளிவான பதிவும் இருக்கிறது: மணம் ஒரு தெருவுக்கு, அதை உண்டாக்கும்போது எழும் நாற்றம் இன்னொரு சேரிக்கு. நாற்றத்தில் இருப்பவருக்கு அது பழகிவிடும், அவருக்கு அது தெரியாது என்ற வசதியான நம்பிக்கையும் இந்த ஏற்பாட்டோடு சேர்ந்தே வந்தது.

ஆங்கில ஆட்சியில் துர்நாற்றத்துக்குச் சட்டத்தில் ஓரிடம் கிடைத்தது. கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய மருத்துவர் பெரும்பாலோர் நம்பினர். இங்கிலாந்தின் சுகாதாரச் சீர்திருத்தக்காரர் எட்வின் சாட்விக், எல்லா நாற்றமும் நோயே என்று 1846இல் நாடாளுமன்றக் குழு முன் அடித்துச் சொன்னார். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது லண்டன் நாடாளுமன்றமே நிலைகுலைந்து, பாதாளச் சாக்கடைக்குப் பணம் ஒதுக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த இந்திய தண்டனைச் சட்டம், 1860, காற்றைக் கெடுத்து அக்கம்பக்கத்தார் உடல்நலத்துக்குக் கேடு செய்வதை 278ஆம் பிரிவில் குற்றமாக்கியது. அன்றைக்கு மூக்கு ஒரு முதல்தரச் சாட்சி. பிறகு ராபர்ட் காக் முதலியோர் கிருமிகளைக் காட்டினார்கள். காலராவுக்குக் காரணம் நாற்றம் அல்ல, நீரில் வரும் நுண்ணுயிர் என்று ஆனது. அது உண்மைதான், கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய உண்மை. ஆனால் நாற்றம் நோயைப் பரப்பவில்லை என்பதிலிருந்து நாற்றத்தால் கேடே இல்லை என்ற முடிவுக்கு அதிகாரிகளும் மருத்துவர்களும் தாவினார்கள். இதற்கு ஒத்தாசையாக, பிரெஞ்சு உடற்கூற்றறிஞர் போல் புரோக்கா மனிதனை மோப்பம் குன்றிய விலங்குகளின் வரிசையில் வைத்தார். மோப்பம் மிருகத்துக்கு, அறிவு மனிதனுக்கு என்ற பாகுபாடு பாடப்புத்தகங்களில் நூறு ஆண்டுக்கு மேல் நின்றது. மனிதமூக்கு மட்டமானது என்பது 19ஆம் நூற்றாண்டுக் கட்டுக்கதை என்று ஜான் மெக்கன் சயன்ஸ் இதழில் விரிவாக எழுதியது 2017இல்தான்.

கடலூர் சிப்காட் 1980களின் தொடக்கத்தில் வந்தபோது, நாற்றத்தால் கேடில்லை என்ற மனநிலைதான் ஆட்சியில் இருந்தது. பூச்சிமருந்து, சாயம், மருந்து மூலப்பொருள் ஆலைகளும், மாட்டெலும்பைப் பதப்படுத்தும் ஆலையும் உப்பனாற்றங்கரையில் வரிசையாக எழுந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் ஆகியவை அவற்றுக்குப் பக்கத்து ஊர்கள். 1690இல் ஆங்கிலக் கம்பெனி இதே கடலூரில் மராத்தியரிடமிருந்து கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலமும் சேர்ந்தது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். கம்பெனியின் எல்லையாவது குண்டு விழுந்த இடத்தில் நின்றது. சிப்காட்டின் எல்லை காற்றடிக்கும் திசையைப் பொறுத்தது. அழுகிய முட்டை, செத்த எலி, நகப்பூச்சு, மலம் என்று மக்கள் வகைவகையாகச் சொன்னார்கள். பெரும்பாலும் கேட்ட பதில், தொழிற்சாலை என்றால் கொஞ்சம் வாடை இருக்கும் என்பதே. 1998இல் மாநில மனித உரிமை ஆணையத்தின் நீதிபதி நயினார் சுந்தரம் நேரில் வந்து பார்த்துக் கண்டித்து எழுதினார். 2003இல் நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் ஒன்றும் விசாரித்தது. மூக்கால் அறிந்ததை இருவரும் மதித்தார்கள். உத்தரவு போடும் இடத்தில் இருந்தவர்களுக்கு அது போதவில்லை.

2004இல்தான் ஒரு திருப்பம். ஊர்க்காரர்கள் சிலர் பயிற்சி பெற்று, சிப்காட் வட்டாரச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் இயங்கத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் செய்தது மிக எளிய காரியம்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், காற்று எந்தப் பக்கம், என்ன வாடை, உடம்புக்கு என்ன செய்தது என்று நோட்டில் எழுதுவது. அடுத்தது வாளி. அமெரிக்காவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே குடியிருந்தவர்களுக்காக 1990களில் உருவான கருவி அது. சாதாரண பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு தனிவகைப் பை, வாளியின் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் புகும். நாற்றம் அடிக்கும் அந்த நிமிஷத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எப்போது வாளியைத் திறப்பது என்று முடிவு செய்தது மூக்கு. செப்டம்பரில் வெளியான அவர்களது அறிக்கை, மாதிரிகளில் 22 ரசாயனங்கள் இருந்ததைச் சொன்னது. அழுகிய முட்டை வாடைக்குச் சொந்தக்காரனான ஹைட்ரஜன் சல்பைடும் அதில் ஒன்று. கருவியைத் தூக்கிக்கொண்டு பகல் பத்து மணிக்கு வரும் அதிகாரிக்குக் கிடைக்காதது, இரவு இரண்டு மணிக்கு விழித்த மூக்குக்குக் கிடைத்தது. பிறகு மற்றவர்களும் வந்தார்கள். நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை, அங்கே வாழ்பவர்க்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2000 மடங்கு கூடுதல் என்று கணித்தது 2008இல் வெளியே தெரிந்தது. அந்தப் பெருக்கத்தொகையை வல்லுநர்கள் விவாதிக்கட்டும். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளி பெற்று, நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட தொழில்வட்டாரங்களில் ஒன்றாக நின்றது. ஊர்க்காரர் மூக்கு இருபது வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்ட சேதி இது.

ஆனால் இங்கேதான் ஒரு நழுவல் நடந்தது, அது சரியாக இல்லை என்பதே என் வாதம். நாற்றம், ரசாயனத்தைக் காட்டிக்கொடுத்த துப்பு என்ற அளவில் மட்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. புற்றுநோய் என்றால் கேடு; தூக்கம் கெடுவதும் சிடுசிடுப்பும் புத்தி மந்தமும் கணக்கில் இல்லை. அவையும் கேடே என்பதற்குச் சான்று இருக்கிறது. மோப்ப ஏற்பிகளின் மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டறிந்தார்கள். கடலூரில் வாளி திறந்த அதே 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பார்வையும் ஓசையும் மூளையின் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாக மேலே போகின்றன. வாசனை அந்த வரிசையில் நிற்காமல், உணர்ச்சியையும் அச்சத்தையும் ஆளும் அமிக்டலாப் பகுதியை நேரே எட்டிவிடுகிறது. என்ன வாடை என்று பெயர் தெரிவதற்கு முன்பே மனநிலை மாறத் தொடங்கிவிடுவதற்கு இந்தக் குறுக்குவழி ஒரு காரணம். அமெரிக்காவின் வட கரோலினாவில் சூசன் ஷிஃப்மன், பெரும் பன்றிப் பண்ணைகளுக்கு அருகே வாழ்ந்த 44 பேரையும் அப்படி வாழாத 44 பேரையும் ஒப்பிட்டு 1995இல் முடிவுகளை வெளியிட்டார். நாற்றத்தில் வாழ்ந்தவர்களிடம் பதற்றம், சோர்வு, கோபம், மனத்தளர்ச்சி, குழப்பம் எல்லாம் கூடுதல், உற்சாகம் குறைவு. ஜேம்ஸ் ராட்டன் 1983இல் வெளியிட்ட சோதனையில், துர்நாற்ற அறையில் உட்கார்ந்தவர்கள் எளிய கூட்டல் கழித்தலைச் சரியாகவே செய்தார்கள்; பிழைதிருத்தம் போன்ற, கவனம் கூர்மையாக வேண்டிய வேலையில்தான் தடுமாறினார்கள். சிந்தனை முழுதாக நின்றுபோவதில்லை, அதன் நுனி மழுங்குகிறது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்த நுனிதான் வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைக் கம்பெனி வக்கீல்களைவிடச் சிறப்பாக ஓர் ஆராய்ச்சியாளர் சொல்லியிருக்கிறார். பமேலா டால்டன் 1996இல் ஒரே வாசனைப் பொருளை மூன்று குழுக்களுக்குக் காட்டினார். நல்லது என்று சொல்லப்பட்டவர்களுக்கு வாடை மெல்ல மங்கியது; கெடுதல் என்று சொல்லப்பட்டவர்களுக்கு மங்கவே இல்லை. அப்படியானால் சிப்காட் மக்களின் வேதனையில் பாதி, விஷம் என்று நம்பியதால் வந்ததுதானே? இருக்கலாம். ஆனால் அதே அளவுகோலால் கர்ப்பூரத்தையும் அளக்க வேண்டும். சந்நிதியின் அமைதியிலும் பாதி, சிறுவயது முதல் அந்த மணத்தோடு சேர்ந்துவந்த நம்பிக்கைதான். அதை யாரும் பிரமை என்று சொல்வதில்லை. மேலும், கெடுதல் என்று ஆய்வகத்தில் ஒருவர் சொல்லக் கேட்டு நம்புவது வேறு, கண் எரிந்து மூச்சு முட்டிய அனுபவத்தால் நம்புவது வேறு. இன்னொரு மறுப்பு கடலூருக்கே உரியது: முதுநகரில் கருவாடு காயும் வாடையில் வாழ்கிறவர்களுக்கு இது என்ன பெரிய நாற்றம்? கேட்பவருக்கு மீனவர் வாழ்க்கை தெரியாது. கருவாட்டு வாடை எங்கிருந்து வருகிறது, எப்போது அடங்கும், எவ்வளவு காசு தரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கம்பெனி வாடையில் இவை எதுவும் தெரியாது. தன் கையில் இல்லாத, எப்போது வரும் என்று சொல்ல முடியாத தொந்தரவே மனிதரை அதிகம் வாட்டும் என்பது உளவியலில் பலமுறை உறுதிப்பட்ட செய்தி.

வேலை கொடுக்கிறார்களே என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. புகைபோக்கியில் வடிகட்டி வைத்தால் வேலை போய்விடாது. பெண்களைப் பற்றி வரும் வாதம்தான் நுட்பமானது. பொம்பளைங்க கொஞ்சம் கூடச் சொல்லுவாங்க என்ற பேச்சை இதுபோன்ற எல்லா ஊரிலும் கேட்கலாம். வாசனையை இனங்காண்பதில் பெண்கள் முந்துவது பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பிரேசில் ஆய்வாளர்கள் 2014இல் எண்ணிப் பார்த்தபோது பெண்களின் மோப்பக் குமிழில் ஆண்களைவிட 40 விழுக்காட்டுக்கும் அதிகமாகச் செல்கள் இருந்தன. ஆனால் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சராசரி வித்தியாசம் உண்மை, ஆனால் சின்னது என்றார்கள். ஆகவே பெண்மூக்குக்கு இயற்கையிலேயே மந்திரசக்தி உண்டு என்று கொண்டாடுவதும் வேண்டாம், மிகைப்படுத்துகிறது என்று ஒதுக்குவதும் வேண்டாம். சிப்காட்டுக்கு அதிகம் பொருந்துவது டால்டன் குழு 2002இல் கண்டது: ஒரே வாசனையைத் திரும்பத் திரும்ப முகரவைத்தபோது, பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதை அறியும் கூர்மை பன்மடங்கு ஏறியது, ஆண்களுக்கு ஏறவில்லை. பழகிவிடும் என்பது எல்லோருக்கும் பொருந்தவில்லை. வாழ்க்கை ஏற்பாட்டையும் இதோடு சேர்க்க வேண்டும். ஆலைக்குள் எட்டு மணி நேரம் நிற்பவரின் மூக்கு அங்கேயே மரத்துப்போகிறது. வீடு, மாட்டுக்கொட்டகை, குழாயடி என்று ஊருக்குள்ளேயே இருப்பவருக்கு வாடை விட்டுவிட்டு வருகிறது, ஒவ்வொரு முறையும் புதிதாக உறைக்கிறது. சம்பளம் ஆலையிலிருந்து வரும் வீட்டில் ஆண் வாயைத் திறக்கத் தயங்குவதும் சேர்ந்துகொள்ளும். பெண்கள் கூடச் சொன்னார்கள் என்றால், அவர்களுக்குக் கூடத் தெரிந்தது என்பதே நேரான விளக்கம்.

மூக்கை மட்டும் நம்பினால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. பென்சீன் இனிப்பாக மணக்கும். ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மோப்ப நரம்பையே செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். கருவி வேண்டும், ஆய்வகம் வேண்டும். ஆனால் அரசாங்கமே மூக்கை நம்பும் ஓரிடத்தையும் பார்க்க வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள். இந்தியாவின் ஒவ்வோர் அடுப்படியிலும் பாதுகாப்பின் முதல் வரிசை, பெரும்பாலும் ஒரு பெண்ணின் மூக்குதான். கேஸ் வாடை அடிக்கிறது என்று அவர் சொன்னால் ஜன்னலைத் திறக்கிறோம், ரெகுலேட்டரை மூடுகிறோம். ஆய்வக அறிக்கை வரட்டும் என்று காத்திருப்பதில்லை. அதே பெண் வாசலில் வந்து நின்று கேஸ் வாடை அடிக்கிறது என்றால் மட்டும் அது ஏன் வெறும் புகாராகிவிடுகிறது?

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சும். 1981இன் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் பொருளின் அளவைப் பேசுகிறது, வாடையை அல்ல. 2009இல் அறிவித்த தேசியக் காற்றுத்தர அளவுகளில் 12 மாசுகள் இடம்பெற்றன. ஹைட்ரஜன் சல்பைடு அதில் இல்லை. மத்திய வாரியம் 2008இல் நாற்ற மாசு பற்றி வழிகாட்டி நூல் ஒன்று வெளியிட்டது, ஆனால் வழிகாட்டியை மீறினால் தண்டனை கிடையாது. ஊர்க்காரர்களின் வாடை நோட்டுகளை மாசு வாரியம் முறையான பதிவாக ஏற்க வேண்டும். இரவில் புகார் வந்தால் இரவிலேயே மாதிரி எடுக்க வேண்டும். தூக்கக்கேட்டையும் மனச்சோர்வையும் உடல்நல ஆய்வுப் படிவத்தில் சேர்க்க வேண்டும். எதற்கும் பெரிய செலவில்லை. தண்டனையின் கதை இதைவிட எளிது. 1860இன் தண்டனைச் சட்டம் காற்றைக் கெடுப்பவருக்கு அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 280ஆம் பிரிவு, 160 ஆண்டுக்குப் பிறகு, அதை 1000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது.